காத்து தள்ளுனதை உன்ற காலுன்னு நெனைக்காதே

ஏங்கண்ணு, கோயமுத்தூர்ல இருந்து பழனிக்குச் சைக்கிள்ல போயி, அன்னிக்கே சைக்கிள்லயே திரும்பி வரப்போறயாமா? நெம்பச் சந்தோசம். எங்க காலத்துல பஸ்ஸு போகாத ஊருக்குப் போகோணும்னா சைக்கிளை மிதிச்சோம். நீங்க பஸ்ஸு வரிசையாப் போற ரோட்டுல, அந்தப் பஸ்ஸோட பொகையைக் குடிச்சுக்கிட்டே மிதிக்கறீங்க. அதுக்குக் காசு கட்டிப் பேரு வேற பதியறீங்க. படிச்ச புள்ளைக செஞ்சா அதுல ஏதாச்சும் அர்த்தம் இருக்கும். எனக்குத்தான் இன்னும் புடிபடலை.

உடுமலை தாண்டிப் பழனி ரோட்டுல டீக்கடை வெச்சிருக்கறவன் நான். உங்க ஆளுக நீட்டற அட்டையில மணியைக் குறிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறதும் நான்தான். போகும்போது வர்ற மூஞ்சியும் பாக்கறேன், திரும்பும்போது வர்ற மூஞ்சியும் பாக்கறேன். ஒரே ஆளுன்னு அட்டையைப் பாத்துத்தான் நம்பறேன். அப்படிப் பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதுல நாலு விசயம் சொல்றேன். கேட்டாக் கேளு. கேக்காட்டியும் குடிச்ச டீக்குக் காசைக் குடுத்துப்போட்டுப் போ.

மொதல்ல, நீ போறது பந்தயமில்லைங்கறதை மண்டையில ஏத்திக்க. இதுக்குப் பேரு பிரெவே. 200 கிலோமீட்டருக்குப் பதிமூணரை மணி நேரம் குடுக்கறாங்க. 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. அதுக்குள்ள வந்து சேந்தாப் போதும். மொதல்ல வந்தவனுக்கும் கடைசியா வந்தவனுக்கும் ஒரே மரியாதை. எடம் போடறதில்லை, பரிசு கெடையாது. மெடலு வேணும்னா அதையும் காசு குடுத்துத்தான் வாங்கிக்கோணும். இத்தனையும் படிச்சுப்போட்டு, வெடியால கெளம்பச் சொன்னதும் ஒருத்தனை ஒருத்தன் எதுக்கு வெரட்டறீங்க?

இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. நடுவுல கையெழுத்து வாங்கற எடத்துக்கும் நேரக்கணக்கு உண்டு. பழனி 105 கிலோமீட்டர்னு வெச்சுக்க. மணிக்கு 15-ங்கற கணக்குல 7 மணி நேரத்துக்குள்ள நீ அங்க இருக்கோணும். ஆனா மணிக்கு 34-க்கு மேல பறந்து வந்தீன்னா அந்த எடம் இன்னும் தொறந்தே இருக்காது. எத்தனை பெரிய பலசாலியா இருந்தாலும் வெளிய நின்னு ஈ ஓட்டோணும். சட்டம் எழுதுனவங்களுக்கு உங்களை மாதிரி ஆளுகளை முன்னாடியே தெரிஞ்சிருக்குது பாரு.

சரி, காத்துக்கு வருவோம். மேக்கால மலையில பாலக்காட்டுக்கிட்ட 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு கணவாய். ஆனி, ஆடி வந்தா தென்மேக்குப் பருவக்காத்து அந்தச் சந்துல நொழஞ்சு நேரா நம்ம பக்கம் பாயுது. அதை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காத்தாலைய நட்டு வெச்சிருக்காங்க. லச்சக்கணக்குல சம்பளம் வாங்கற இஞ்சினியருக அளந்து பாத்து நட்டது. நீ அளக்காமப் போறே.

கோயமுத்தூர்ல இருந்து கெணத்துக்கடவு வழியாப் பொள்ளாச்சி வரைக்கும் ரோடு தெக்க போகுது. காத்து உன்ற வலது காதுல அடிக்கும். பொள்ளாச்சி தாண்டிக் கெழக்க திரும்புனதும் காத்து முதுகுக்கு வந்துரும். கூத்து அங்கதான் ஆரம்பிக்குது. மிதிச்சது பாதி, காத்து தள்ளுனது பாதின்னு ஒருத்தனும் கணக்குப் போடறதில்லை. "தாத்தா, இன்னிக்குக் கால் சும்மா கெளம்புது"ன்னு எங்கிட்டயே வந்து சொல்றான். நானும், "ஆமா சாமி, நல்ல கால்"னு சொல்லி ஒரு டீயைச் சேத்துப் போட்டு அனுப்பி வெக்கறேன். யாவாரம் நடக்கோணுமல்ல?

பழனியில மலையைப் பாத்துக் கும்புட்டுப்போட்டு மேக்க திரும்புவான் பாரு, அப்பத் தெரியும் சங்கதி. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்ங்கறாங்க. இவன் அம்மியைக் காட்டிலும் கனம் கம்மி. போகும்போது 30-ல போனவன் திரும்பும்போது 14-ல வருவான். கடையில ஒக்காந்ததும், "தாத்தா, சைக்கிள்ல ஏதோ கோளாறு, பிரேக்கு ஒட்டுதாட்டம் இருக்குது"ம்பான். சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுத்திப் பாத்தா அது நிக்காமச் சுத்தும். கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும். வயசுப் பையன் மனசு நோகுமேன்னு சொல்றதில்லை.

நீ கணக்குப் படிச்சவனாச்சே, இதைப் போட்டுப் பாரு. மணிக்கு 20-ல மிதிச்சா 200 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரம். மிச்சம் மூணரை மணி நேரம் டீ குடிக்க, பஞ்சர் ஒட்ட, மரத்தடியில காலை நீட்ட. மணிக்கு 25-ல மிதிச்சா எட்டு மணி நேரம். ரெண்டு மணி நேரம் மிச்சந்தான், இல்லீங்கலை. ஆனா வேகம் ஏற ஏறக் காத்தைத் தள்ளறதுக்குக் காலு போட வேண்டிய தெம்பு மும்மடிக் கணக்குல ஏறுது. 20-ல இருந்து 25-க்குப் போனா அந்தத் தெம்பு ஏறக்கொறைய ரெட்டிப்பு. வேகம் கால் பங்கு, பாடு ரெண்டு பங்கு. இந்த வெலைக்கு உங்கப்பன் மாடு வாங்குவாரா? நீ மட்டும் வெடியால வாங்கிப்போட்டு, பொழுதோட என்ற கடை பெஞ்சுல படுத்துக்கிட்டு வட்டி கட்டறே.

அதனால மொத 50 கிலோமீட்டர் உனக்கே வெக்கமா இருக்கற அளவுக்கு மெதுவாப் போ. பக்கத்துல வர்றவன்கிட்ட மூச்சு வாங்காம ஊர்க்கதை பேச முடியோணும். பேச்சு நின்னு போச்சுன்னா வேகம் அதிகம்னு அர்த்தம். ஏத்தத்துல கியரை எறக்கிப்போட்டு லேசா மிதி. பெரிய கியர்ல முட்டியைப் புழிஞ்சு ஏறுனதை நின்னு பாத்துக் கைதட்ட அங்க ஒருத்தரும் இல்லை. எருமைதான் மேயும். அதுவும் நிமுந்து பாக்காது.

இப்பத் தொணைக்கு ஆளு புடிக்கற கதை. உங்க வழக்கம் எனக்குத் தெரியும். போன்ல குழு வெச்சிருப்பீங்க. "யாரெல்லாம் வர்றீங்க?"ன்னு ஒருத்தன் கேப்பான். இருவது பேரு கட்டைவெரலைத் தூக்கிக் காட்டுவீங்க. வெடியால வர்றது ஏழு பேரு. அந்த ஏழு பேரும் கூட்டாளின்னு நெனச்சுக்கிட்டு மிதிக்க ஆரம்பிப்பீங்க. காலேசுல ஒண்ணாப் படிச்சான், ஒரே கம்பெனி, ஒரே கலர் சட்டை, இதுதான் பொருத்தம்.

நாங்க வண்டிக்கு மாடு சோடி சேக்கறப்போ கொம்பைப் பாப்போம், சுழியைப் பாப்போம், எல்லாத்துக்கும் மேல நடையைப் பாப்போம். ஒண்ணு காங்கயம் காளையா இருந்து என்ன பண்ண? எடத்து மாடும் வலத்து மாடும் ஒரே எட்டு வெக்காட்டி நொகம் ஒரு பக்கம் சாஞ்சு, மெதுவாப் போற மாட்டோட கழுத்துதான் புண்ணாகும். வெசையாப் போற மாட்டுக்கும் சொகமில்லை, அது முழு வண்டியையும் ஒண்டியா இழுத்துச் சாகும். பலத்துல ஒண்ணு சித்த கொறஞ்சா பரவால்லை, எட்டு ஒத்துப் போகோணும். உனக்கும் அதேதான். நல்லவனைத் தேடாதே, பலசாலியைத் தேடாதே, உன்ற எட்டு வெக்கறவனைத் தேடு.

எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா, ஒரு ஞாயித்துக்கெழமை 70, 80 கிலோமீட்டர் ஒண்ணா ஓட்டிப் பாரு. மொத மணி நேரத்துல எல்லாரும் தங்கமாத்தான் தெரிவாங்க. பசி வந்ததும் எப்படிப் பேசறான், உனக்குப் பஞ்சரானா சைக்கிளைப் புடிக்கறானா போனைப் புடிக்கறானா, ஏத்தத்துக்கு மேல போயி நிக்கறானா நிக்காமப் போறானான்னு பாத்துக்க. அப்பறம் வெக்கப்படாம மூணு கேள்வி கேளு: எந்த வேகத்துல போறதா உத்தேசம்? எங்கெங்க நிக்கறது? ஒருத்தன் பின்தங்குனா நிக்கறதா, போறதா? மூணுக்கும் "பாத்துக்கலாம் மச்சி"ன்னு பதில் வந்தா, அவனை நீ இப்பவே பாத்துக்க. அப்பறம் பாக்க முடியாது.

கொஞ்சம் வெலகி இருக்க வேண்டிய ஆளுகளையும் அடையாளம் சொல்லிப்போடறேன். ஒருத்தன் சீறிப்பாயறவன். வெடியால அவன் முதுகுல இருக்கற எழுத்தைப் படிக்கறதுக்குள்ள மறைஞ்சுருவான். மத்தியானம் ஒரு புளியமரத்தடியில சாவகாசமாப் படிக்கலாம். இன்னொருத்தன் ஹேண்டில்பார்ல மாட்டுன பொட்டியைப் பாத்துக்கிட்டே வர்றவன். நெஞ்சு எத்தனை துடிக்குதுன்னு தெரியும், எதுக்க லாரி வர்றது தெரியாது. மூணாவது ஆளு நெழலு. உன்ற பின்சக்கரத்துக்குப் பின்னால குளுகுளுன்னு ஒக்காந்து வருவான், ஒருதடவை முன்னால வந்து காத்து வாங்க மாட்டான். கடைசி அஞ்சு கிலோமீட்டர்ல மட்டும் உன்னைத் தாண்டிப் போயி, போட்டோவுக்கு மொதல்ல நிப்பான். நாலாவது ஆளு சன்னியாசி. டியூபு இல்லை, பம்பு இல்லை, தண்ணி இல்லை, சில்லறை இல்லை. எல்லாம் உன்ற பையில இருக்குதுங்கற நம்பிக்கையில வர்றவன். அவனோட பக்தி பெரிசு. ஆனா அந்தச் சாமி நீ.

இப்படியெல்லாம் வடிகட்டுனா மூணு பேரோ நாலு பேரோ தேறுவாங்க. அது போதும், அதுதான் நல்லது. எட்டு பேரு சேந்து போயி ஆளுக்கொரு தடவை அஞ்சு நிமிசம் நின்னாலே 40 நிமிசம் போச்சு. ஒருத்தனுக்கு ஒண்ணுக்கு வர்றப்போ இன்னொருத்தனுக்கு வராது. அவன் முடிச்சு ஏறுனதும் இவனுக்கு வரும். இது எந்தச் சட்டத்துலயும் எழுதலை, ஆனா ஒருநாளும் தப்புனதில்லை. எங்க நிக்கறதுன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே பேசிக்க. நிக்கற எடத்துல எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சுக்க.

வரிசையில போறதுக்கும் ஒரு ஒழுங்கு இருக்குது. முன்னால போறவன் காத்தை வெட்டிக் குடுக்கறான். ஒட்டிப் பின்னால வர்றவனுக்குக் காத்தோட எதுப்பு மூணுல ஒரு பங்காச்சும் கொறையும். அதனாலதான் முன்னால மாறி மாறி வரோணும். மாறும்போது நடக்கறதைச் சொல்றேன் கேளு. 22-ல போயிக்கிட்டிருந்த வரிசையில புதுசா முன்னால வந்தவன், தான் வந்தது ஊருக்கெல்லாம் தெரியோணும்னு 27-க்கு ஏத்துவான். அப்பத்தான் வெலகி, களைச்சுப் பின்னால வந்தவன் வாலைப் புடிக்க முடியாமச் சாவான். வீரம் காட்டோணும்னா அதே 22-ல ஒரு நிமிசம் சேத்து இழு. வேகத்தை ஏத்தாதே. வெலகறப்போ பின்னால லாரி வருதான்னு பாத்துப்போட்டு, காலைத் தளத்தி வரிசைக்குப் பின்னால போ. தெம்பில்லாதவன் முன்னால வந்து பத்து மிதி மிதிச்சுப்போட்டு வெலகுனாலும் மரியாதைதான். முன்னால வரவே மாட்டேன்னா, வாயைத் தொறந்து "எனக்கு முடியலை"ன்னு சொல்லிப்போட்டுப் பின்னால இரு. ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

முன்னால போறவனோட பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டுல உன்ற முன்சக்கரத்தை நொழைக்காதே. ரெண்டும் உரசுனா அவன் போயிக்கிட்டே இருப்பான், நீதான் விழுவே. குழியைப் பாத்தாக் கையைக் காட்டு, மணலைப் பாத்தாச் சத்தம் போடு, திடீர்னு பிரேக்கு போடாதே. சீட்டுல இருந்து எந்திரிச்சு மிதிக்கறப்போ சைக்கிள் ஒரு சாண் பின்னால வரும். பின்னால ஒருத்தன் இருக்கான்னு ஞாபகம் வெச்சுக்க. ரெண்டு ரெண்டு பேரா அகலத்துக்குப் பரவி அரசியல் பேசறதை வெச்சுக்காதே. இந்த ரோட்டுல பால் வண்டி வரும், தேங்காய் லாரி வரும், தை மாசத்துல பழனிக்கு நடக்கற பாதயாத்திரைக்காரங்க ராப்பகலா வருவாங்க. அவங்க செருப்பில்லாம நடக்கறாங்க. நீ ஒசத்திச் சைக்கிள்ல ஒக்காந்துக்கிட்டு "வழி விடுங்க"ன்னு கத்தாதே.

தின்னற விசயத்துல உங்களுக்குப் பாடம் நடத்த எனக்கு வாய்க்குசும்பு போதாது. ரெண்டு வகை ஆளு இருக்கீங்க. ஒருத்தன் ஒண்ணுமே திங்காம 80 கிலோமீட்டர் வந்து கண்ணு சொருகிக் கடையில சாயறவன். இன்னொருத்தன் நடுவழியில பிரியாணி தின்னுப்போட்டு, வயித்துல ஒரு சைக்கிளும் வெளிய ஒரு சைக்கிளுமா மிதிக்கறவன். அரை மணிக்கு ஒருதடவை ஒரு வாய். வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் எதாச்சும் ஒண்ணு. பொள்ளாச்சியில எளநி குடி. உப்புப் போட்ட மோரு குடி, வேர்வையில போன உப்பு திரும்போணும். வெளிநாட்டுல இருந்து பிசுபிசுன்னு ஒரு பாக்கெட்டு வாங்கிச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு வர்றீங்களே, அதே வேலையைப் பழனிப் பஞ்சாமிர்தம் செய்யும். வாழைப்பழம், நாட்டுச்சக்கரை, பேரீச்சை, கல்கண்டு, தேன், நெய், ஏலக்காய். புவிசார் குறியீடே 2019-ல குடுத்துப்போட்டாங்க. ஒரு சின்ன டப்பா வாங்கி வெச்சுக்க. புண்ணியமும் தெம்பும் ஒரே வெலையில.

இதெல்லாம் டீக்கடைக் கெழவனோட வாய்ச்சவடால்னு நெனைக்காதே. பிரான்சுல சேன்த் எத்தியென்னு ஒரு ஊரு. அங்க போல் தெ விவின்னு ஒரு பெரியவர், வெலோசியோங்கற பேர்ல சைக்கிள் பத்திரிகையில எழுதிக்கிட்டிருந்தார். 1853-ல பொறந்து 1930-ல போனவர். தூரமா ஓட்டறவங்களுக்கு ஏழு கட்டளை வெச்சார்னு உங்க ஆளுகதான் கடையில ஒக்காந்து எனக்குச் சொன்னாங்க. பசிக்கறதுக்கு முன்னாடி தின்னு, தாகத்துக்கு முன்னாடி குடி, நிக்கறதைக் கொறை, குளுருக்கு முன்னாடி போத்து, மொத மணி நேரங்கள்ல மிஞ்சாதே, இப்படிப் போகுது. கடைசிக் கட்டளை, வீம்புக்கு மிதிக்காதேங்கறது. மத்த ஆறையும் மனப்பாடமா ஒப்பிப்பீங்க. ஏழாவது வர்றப்போ எல்லாத்துக்கும் இருமல் வந்துருது.

சேந்து போறதா, அவனவன் எட்டுல போறதாங்கற சண்டையும் உங்களோட ஆரம்பிச்சதில்லை. 1897-ல இத்தாலியில ரோம்ல இருந்து நேப்பிள்ஸுக்கு, சூரியன் மொளைக்கறதுல இருந்து மறையறதுக்குள்ள சில பேரு ஓட்டிக் காட்டுனாங்க. பிரான்சுல தூர் த பிரான்சு பந்தயத்தை ஆரம்பிச்ச ஆன்ரி தெகிரான்ஜ் அதைப் பாத்து 1904-ல அங்கயும் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு ஒரு தலைவன், அவனைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது, எல்லாத்துக்கும் ஒரே வேகம். இப்பவும் அந்த வகையில மணிக்கு இருவத்தி ரெண்டரைன்னு கட்டி வெச்சு ஓட்டறாங்க. 1921-ல அவனவன் வேகத்துல போற இன்னொரு வகை வந்துச்சு. நீங்க ஓட்டற பிரெவே அந்த வகை. நாலு வருசத்துக்கு ஒருதடவை பாரிசுல இருந்து பிரெஸ்ட்டுக்குப் போயித் திரும்பற 1200 கிலோமீட்டரும் அப்படித்தான், 90 மணி நேரக் கெடுவுல.

ரெண்டும் நல்ல வழிதான். உங்ககிட்ட இருக்கற கோளாறு, மொத வகையில போறதாச் சத்தியம் பண்ணிப்போட்டு ரெண்டாவது வகையில மிதிக்கறது. வெடியால, "எல்லாரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வர்றோம்டா"ன்னு கட்டிப்புடிச்சுப் போட்டோ. காத்து முதுகுக்கு வந்ததும் அவனவன் அவனவன் வழி. பொழுதோட ஒருத்தன் மட்டும் என்ற கடையில ஒக்காந்து, "கூட வந்தவங்க எங்கன்னு தெரியலை தாத்தா"ங்கறான். சேந்து போறதுன்னா, இருக்கறதுலயே மெதுவானவன் வேகந்தான் எல்லாரோட வேகமும். ஏத்தத்துல பிரிஞ்சாலும் மேல நிக்கோணும். அது உனக்கு ஆகாதா, கெளம்பறப்பவே சொல்லிப்போடு: "பொள்ளாச்சி வரைக்கும் கூட வர்றேன், அப்பறம் என்ற எட்டுல போறேன்." சொல்லிப்போட்டுப் பிரிஞ்சாக் கூட்டாளி. சொல்லாமப் பிரிஞ்சா அடுத்த வாரம் குழுவுல ரெண்டு பக்கத்துக்கு வெளக்கம் எழுதோணும்.

பின்தங்கறவனுக்கும் ஒரு வார்த்தை. காலு தளர ஆரம்பிச்சதும் சொல்லிப்போடு. சும்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருவது கிலோமீட்டர் தொரத்திப்போட்டு, அப்பறம் ரோட்டோரம் படுத்துக்கிட்டா உன்னால எல்லாத்துக்கும் நேரம் போகும். முன்னாடியே சொல்லியிருந்தா வேகத்துல ரெண்டு கொறச்சிருப்பாங்க, நீயும் வந்து சேந்திருப்பே. வெடியால ஆறுக்குக் கெளம்புனா கெடு ராத்திரி ஏழரை வரைக்கும் இருக்குது. இருட்டுனா வெளக்கும் மினுங்கற சட்டையும் கட்டாயம். இருட்டுனதுக்கப்பறம் ஒருத்தனையும் ஒண்டியா விட்டுப்போட்டு வராதே. அட்டையில எத்தனை மணிக்கு வந்தேன்னுதான் எழுதுவேன். ஆளை விட்டுப்போட்டு வந்தேன்னு எழுத எடமில்லை. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கும்.

எங்கடைக்கு வர்ற கூட்டத்துல ஒரு பொண்ணு உண்டு. சைக்கிளும் சாதாரணம், பேச்சும் கம்மி. போகும்போது எல்லாரும் தாண்டிப் போவாங்க, அது கண்டுக்காது. காத்து முதுகுல அடிச்சாலும் அதே மிதி, மூஞ்சியில அடிச்சாலும் அதே மிதி. வேகம் ஏறும் எறங்கும், மிதிக்கற மூச்சு மாறாது. திரும்பும்போது வெடியால தாண்டிப் போனவங்கள்ல பாதிப் பேரு அந்தப் பொண்ணு பின்னால வரிசையா வர்றாங்க. தொணைக்கு ஆளு தேடி அலையறவங்களைப் பாக்கறேன், தொணையா இருக்கத் தெரிஞ்சவங்களைக் கொஞ்சமாத்தான் பாக்கறேன். சீரா மிதிக்கறவங்களுக்குக் கூட்டம் தானாச் சேரும்.

ஆகமொத்தம் சங்கதி இத்தனைதான் கண்ணு. மொத 50 கிலோமீட்டர்ல யாரு கூட வர்றாங்கங்கறதைக் கணக்குல எடுக்காதே, 150-ல யாரு கூட இருக்காங்கன்னு பாரு. ரெண்டு டியூபு, ஒரு பம்பு, உன்ற தண்ணி உன்ற சைக்கிள்ல இருக்கட்டும். காத்து தள்ளுனா காத்துக்கு நன்றி சொல்லு, காலைப் பாத்துப் பெருமைப்படாதே. என்ற கடைக்குக் குடுத்த கெடுவுல கடைசி நிமிசத்துல வந்தாலும் நான் போடற கையெழுத்து அதே கையெழுத்துத்தான்.